தொம்மலூரின் வாசற்படிகள்

பெங்களூரு தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றில் இவ்வூர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்குகிறது. 1270ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட ஒன்று, அழகியார் என்பவர் இரு நிலைக்கால்களை அளித்ததைக் கூறுகிறது. வாயிலின் நிலைக்காலைக் கொடுப்பது கல்லில் வெட்டத்தக்க அறம்; அதன் அடியில் கிடக்கும் படி யாரைத் தடுக்கிறது என்பது கொடைச் சாசனங்களின் கவலையன்று. மொழியிலும் அப்படித்தான். ‘வாசற்படி’ என்னும் ஒரே சொல்லில் நுழைவும் ஏற்றமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடக்கின்றன. ‘சாய்தளம்’ அண்மைக் காலத்து ஆக்கம்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டும் என்றது. பொருளாதாரத் திறனின் வரம்புக்கு உட்பட்டு என்றும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடரின் நிழலில் அலுவலகங்கள் பல நெடுங்காலம் ஒதுங்கி நின்றன.

தொம்மலூர்ச் சாலையில் மாற்றம் வேறு வழியாக வந்தது. 2006இல் பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தள வால்வோ பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. பழைய விமான நிலையச் சாலை வழியே ஒயிட்ஃபீல்டு செல்லும் வண்டிகள் தொம்மலூரிலும் நின்றன. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மி.மீ. உயரம், தாழ்தளப் பேருந்தில் 400. கட்டடச் சாய்தளத்துக்குரிய 1:12 என்ற விகிதத்தில் கணக்கிட்டால், முதலாவதை எட்ட 10.8 மீட்டர் சரிவு தேவை, இரண்டாவதற்கு 4.8 மீட்டர். 150 மி.மீ. உயரமுள்ள நடைமேடையிலிருந்து ஏறினால் 3 மீட்டரே போதும். ஆகவே வண்டியை மட்டும் தாழ்த்துவது பாதி வேலை. நிறுத்தமும் அதற்கேற்ப அமைய வேண்டும். சக்கர நாற்காலியருக்கு உதவும் அதே தளம் மூட்டுவலியுள்ள முதியவருக்கும், கைக்குழந்தையோடு ஏறுபவருக்கும், மூட்டை சுமப்பவருக்கும் உதவும். ஆனால் தாழ்தளம் குளிரூட்டியோடும் கூடுதல் கட்டணத்தோடும் சேர்ந்தே வந்தது. சாதாரணப் பேருந்தின் படிகள் அப்படியே இருந்தன. உரிமையாக வரவேண்டியது சொகுசின் உடன்விளைவாக வந்ததை முன்னேற்றம் என்று மட்டும் எழுதிவிட முடியாது.

2016ஆம் ஆண்டின் புதிய சட்டம், நடப்பிலுள்ள பொதுக் கட்டடங்களுக்கு ஐந்தாண்டுக் கெடு விதித்தது. எனினும் 2017 விதிகளின் 15ஆம் விதி சுட்டிய நெறிமுறைகள் பெரிதும் பரிந்துரைகளாகவே இருந்தன. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரத்தூரி 2005இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அவ்விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாயமாகப் பின்பற்றவேண்டிய குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது.