வ. உ. சிதம்பரம்பிள்ளை: வீரர், வணிகர், தந்தை

கலேவெலயில் பிறந்து வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது பாடப் புத்தகத்திலே காணும் படம். நம்மைச் சுற்றியிருப்பவை வயலும் குளமும் தோட்டமும், குருநாகலையும் தம்புள்ளையையும் இணைத்தோடும் பெருவீதியுமே. இத்தகைய ஊரின் சங்க மலரிலே கப்பல் விட்ட ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர் வினவக்கூடும். விடை எளிது. நம்மிற் பலருடைய பாட்டனும் பூட்டனும் இந்நாட்டுக்கு வந்தது கடலைக் கடந்துதான். அந்தக் கடலிலே ஓடிய கப்பல்கள் யாருடையவை, அவற்றுக்குக் கட்டிய கூலி யாருடைய பெட்டிக்குப் போயிற்று என்பதை அறிந்துகொள்ளல் நமக்கும் உரிய சரித்திரமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டங்களை நாடி வந்த தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியிலேயே மடிந்தவர் எத்தனையோ பேர். இன்று நாம் பஸ்ஸில் அமர்ந்து, ஜன்னலோரத்தில் அயர்ந்தபடி கடக்கும் வீதி அது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின், அங்கே நீராவிக் கப்பலேறிக் கொழும்பில் இறங்குவது வணிகருக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் ஏனையோருக்கும் பழக்கமாயிற்று. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் மார்க்கம் திறக்கப்படும் வரையில் தூத்துக்குடி–கொழும்பு மார்க்கமே பிரதானம். அது ‘பிரிட்டிஷ் இந்தியா’ என்னும் ஆங்கிலக் கப்பற் கம்பெனியின் கையில் இருந்தது. அவர்கள் வைத்ததே கட்டணம். அவர்கள் சொன்னதே நேரம்.

இந்த மார்க்கத்திலே தமிழருடைய கப்பல் ஓட வேண்டும் என்று துணிந்தவர்தாம் சிதம்பரம்பிள்ளை.

அன்னார் 1872-ஆம் ஆண்டு செப்டெம்பர் 5-ஆந் தேதி ஒட்டப்பிடாரத்திலே உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மைந்தராகப் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், மகனும் அத்தொழிலையே கற்று ஒட்டப்பிடாரத்திலும் பின்னர் தூத்துக்குடியிலும் நடத்தினார். ஏழைகளின் வழக்குகளைக் கூலி வாங்காமல் நடத்தியதுண்டு என்பர். சைவத்திலும் தமிழிலும் ஆழ்ந்த பற்று. சென்னையிலே இராமகிருஷ்ணானந்த சுவாமிகளைச் சந்தித்தபோது நாட்டுக்கு ஏதேனும் செய்யத்தக்கது செய்ய வேண்டும் என்னும் வித்து உள்ளத்தில் விழுந்ததாக அவர் சரிதை கூறும். இராமகிருஷ்ணானந்தரின் குருபாயி விவேகானந்தர் 1897 ஜனவரியில் மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வண்டியிற் செல்கையில், தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் உடைந்து மூன்று மணி நேரம் வழியிலே காத்திருந்தார் என்பதையும் இங்கே நம் இளைஞருக்கு நினைவூட்ட ஆசைப்படுகிறோம். பெரியோர் நடந்த மண் நமக்கு அயலிலேயே இருக்கிறது.

நிற்க. தூத்துக்குடியிலே நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை முதலியவற்றை முன்னின்று தோற்றுவித்தபின், 1906 அக்டோபர் 16-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பிள்ளையவர்கள் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராயமர்ந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகன் 8,000 பங்குகளுக்காக இரண்டு லட்ச ரூபாய் ஈந்தார். இந்தியர் மட்டுமன்றி இலங்கையரும் ஏனைய ஆசிய நாட்டினரும் பங்கு வாங்கலாம் என்று விதி செய்திருந்தனர். ஒரு சைவர் தொடங்கிய தொழிலுக்கு இஸ்லாமியர் ஒருவர் பெருந்தோள் கொடுத்ததும், இலங்கையருக்கு அதில் இடம் வைக்கப்பட்டதும் நாம் மறக்கத் தகாத செய்திகள்.

முதலில் வாடகைக்குக் கப்பல் தருவதாக இசைந்த கம்பெனி, வெள்ளையர் மிரட்டலால் பின்வாங்கிற்று. பிள்ளையவர்கள் தளரவில்லை. இலங்கைக்கு வந்து ஒரு கப்பலைக் குத்தகைக்கு எடுத்துச் சென்று ஓட்டினார். குத்தகைக் கப்பலை நம்பித் தொழில் நிலைக்காது என்று கண்டு சொந்தக் கப்பலே வாங்க முற்பட்டார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடித் துறைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பிரயாணிகள் செல்லலாம்; மூட்டைகள் ஆயிரக்கணக்கில் ஏற்றலாம். தூத்துக்குடி அன்று கொண்ட குதூகலத்துக்கு அளவில்லை.

அப்பால் நடந்தது விலைப் போர். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. உடனே அவர்கள் கட்டணமே வேண்டாம், வந்து ஏறுங்கள், ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்றனர்! குடைக்கு ஆசைப்பட்டு ஏறியவரும் உண்டு, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவரும் உண்டு. நம் கடைவீதியிலே வாணிபம் செய்யும் மூத்தோருக்கு இதன் உட்பொருள் விளங்கும். பணப்பை பெரிதாயுள்ளவன் நட்டத்துக்கு விற்றுச் சிறியவனைச் சாய்ப்பது இன்றும் காணும் வித்தைதான்.

சுதேசிக் கம்பெனி வீழ்ந்ததற்கு அந்நியர் சூழ்ச்சி ஒன்றே காரணம் என்று மேடைகளில் முழங்குவதுண்டு. அது முழு உண்மையன்று என்பது எமது எண்ணம். அரசியலிலிருந்து ஒதுங்கித் தொழிலைக் கவனிக்குமாறு பங்குதாரரிற் சிலர் பிள்ளையவர்களை நெருக்கினர், அவர் இசையவில்லை. கம்பெனியின் உயிர் அவர் ஒருவரிடத்திலேயே தங்கியிருந்தது. அவர் சிறை புகுந்தபின் அதைத் தூக்கி நிறுத்த எவரும் இல்லாமற் போயினர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்த வெள்ளையர் கம்பெனிக்கு எதிராக வாங்கினார்களோ, அந்தக் கம்பெனிக்கே கப்பலை விற்றனர். அச்செய்தி பிள்ளையவர்களுக்குச் சிறையிலே கிடைத்தது.

சிறை புகுந்த வரலாற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். 1961-இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி கணேசன் செக்கிழுத்ததைக் கண்டு கண்ணீர் சிந்தாத மூத்தோர் நம்மிடையே சிலரே. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும். ஆலை பணிந்தது, அரசு பணியவில்லை. மார்ச்சு 12-இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கலவர பூமியாயிற்று. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே, ராஜத் துரோகத்துக்கு இருபது ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு இருபது ஆண்டு என நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். அப்போது பிள்ளையவர்களுக்கு வயது முப்பத்தைந்து. மேல் முறையீட்டிலே தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது.

இவ்விடத்திலே அவர் வீட்டை எட்டிப் பார்ப்போம். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார், பின்னர் தெளியவேயில்லை. முதிய தந்தை, மனைவி மீனாட்சி அம்மாள், சிறு பிள்ளைகள் ஆகியோர் ஆதரவின்றி நின்றனர். வழக்குக்கும் மேல் முறையீட்டுக்கும் செல்வம் கரைந்தது. நேற்றுவரை ஊராருக்குச் சோறிட்ட வீடு உறவினர் கையை எதிர்பார்க்கும்படியாயிற்று. மீனாட்சி அம்மாள் வழக்கு நடந்த காலத்திலும் பின்னும் அலைந்த அலைச்சலை எந்தத் திரைப்படமும் முழுமையாய்க் காட்டியதில்லை. கோயமுத்தூர்ச் சிறையிலே மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்து, பின்னர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட காலத்திலும் பிள்ளையவர்கள் நூல்களைப் படித்தார்; ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழாக்கினார்; செய்யுள் இயற்றினார். அச்செய்யுட்கள் 1915-இல் ‘பாடற்றிரட்டு’ என வெளிவந்தன.

1912 டிசம்பர் 24-இல் விடுதலை. தூத்துக்குடியிலே கப்பல் வந்தபோது கூடிய கூட்டம் சிறை வாயிலில் இல்லை. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சொந்த ஜில்லாவுக்குத் திரும்பவும் வழியில்லை. குடும்பத்தோடு சென்னையிலே குடியேறி, பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் மளிகை, மண்ணெண்ணெய் என்று சில்லறைக் கடை வைத்துப் பார்த்தார். தராசு பிடிக்கும் தொழிலை அவர் இழிவாய் எண்ணவில்லை. ஆயினும், கடன் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல அறியாத கை கடைக்கு உதவாது. பின்னர் கோயமுத்தூரில் ஒரு வங்கியிலும் வேலை பார்த்தார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று. தென்னாப்பிரிக்காவிலுள்ள இந்தியர், பெரும்பாலும் தமிழர், சிறைசென்றவர் குடும்பத்துக்கென்று பணம் திரட்டினர். அது காந்தியடிகள் வசம் இருந்தது. 1915-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இருவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். பணம் வந்து சேரவில்லை என்றும், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் தாம் இல்லை என்றும் பிள்ளையவர்கள் ஒளிக்காமல் எழுதினார். 1916-இல்தான் அந்த 347 ரூபாய் 12 அணா கைக்கு எட்டிற்று. மானமுள்ள மனிதர் அவ்வாறு எழுதுவதற்கு எத்துணை துணிவு வேண்டும்! வெள்ளையனை எதிர்த்து மேடையேறுவதிலும் இது கடினம் என்று கருதுகிறோம். தமக்கென்றால் கேட்டிரார்; பிள்ளைகள் பசித்திருந்தனர்.

சில ஆண்டுகள் கழித்துச் சன்னது திரும்பக் கிடைத்தது. அதற்கு உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. பிள்ளையவர்கள் தமக்குப் பிறந்த மகனுக்கு ‘வாலேசுவரன்’ என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை வேரோடு வெறுத்தவர், தம் வீட்டிலே அடுப்பெரிய உதவிய ஓர் ஆங்கிலேயனின் பெயரை நாள்தோறும் தம் வாயாலேயே அழைக்கும்படி வைத்துக்கொண்டார். இதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

கோவில்பட்டியிலும், 1932-க்குப் பின் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் நடத்தினார். வருமானம் சொற்பம். ஆயினும் தொல்காப்பிய இளம்பூரணர் உரைப் பதிப்பையும் திருக்குறள் உரையையும் விடவில்லை. சிவஞான போதத்துக்கு எழுதிய உரை 1935-இல் வெளியாயிற்று. மறு ஆண்டு நோயுற்றுத் தம் இறுதிப் பத்திரத்தை எழுதுவித்தார். கப்பல் பற்றியோ சிறை பற்றியோ பெருமை பேசும் பத்திரம் அன்று அது. எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு பாக்கி, ஜவுளிக் கடைக்கு இவ்வளவு பாக்கி, வீட்டு வாடகையில் இவ்வளவு பாக்கி என்று ஒன்றுவிடாமல் வரிசையாய்ச் சொல்லி, மனைவி மக்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதில் குறித்தார். பேரேட்டைச் சரிபார்த்து மூடும் வணிகனின் கணக்கும், பிள்ளைகளை நினைந்து தூக்கமிழந்த தகப்பனின் கவலையும் அந்த ஒரே காகிதத்தில் உள்ளன.

1936 நவம்பர் 18-இல், தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தம்மைக் கொண்டு செல்லுமாறு கேட்டுக்கொண்டு, அங்கேயே அவர் கண்மூடினார்.

1972-இல் அவருக்கு இந்திய அரசு தபால் முத்திரை வெளியிட்டது. 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அத்துறையிலிருந்து கொழும்புக்குப் பிரயாணிகள் கப்பல் ஒன்று மீண்டும் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் நின்றது. திருநெல்வேலி எழுச்சியைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய நூலுக்கு 2024-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. அந்நூலைத் தேடிப் படிக்குமாறு இளைஞரை வேண்டுகிறோம். மூத்தோரிடம் எமது வேண்டுகோள் வேறு: உங்கள் தந்தையோ பாட்டனோ எந்த ஆண்டில், எந்தத் துறையில், எவ்வளவு கூலி கொடுத்துக் கப்பலேறினார் என்பதை நினைவிருக்கும்போதே ஒரு காகிதத்தில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். அடுத்த மலரில் அவற்றை வெளியிடுவோம்.