உப்பு வண்டியும் ஏறாத தேரும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ற சங்கப் புலவருக்குக் கொஞ்சமாவது தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாணாற்றுப்படையைப் படித்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்தவர், வழியில் உப்பு வாணிகரான உமணர்களின் மாட்டு வண்டியைக் கண்டு நின்றுவிடுகிறார். 'ஒரு வண்டி போயிற்று' என்று சொல்லிவிட்டு நகர்கிற ஆசாமி அல்ல அவர். வட்டையையும் ஆரக்கால்களையும் பார்க்கிறார். முழவைப் போன்ற முழு மரத்து உருளையைப் பார்க்கிறார். கணைய மரங்களைச் சேர்த்து வைத்தாற்போன்ற பருத்த சட்டங்கள், மேலே ஆரைப்புல் வேய்ந்த கூரை, வாசலில் கோழிக் கூடு, தொங்குகிற சிறிய உரல், வண்டி முகப்பில் கயிற்றால் கட்டிய காடிப் பானை என்று ஒன்றையும் விடவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள்.

இதில் இல்லாத ஓர் உறுப்பைப் புறநானூற்றில் ஔவையார் தருகிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று முன்யோசனை செய்த உமணர்கள், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்களாம். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவை. ராஜகுமாரனுக்குக் கிடைத்த உவமையைப் பாருங்கள்!

பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு வண்டியும் இருக்கிறது. அது குழந்தைகள் உருட்டி விளையாடும் சிறு தேர். ஏறிச் செல்லும் தேர் அல்ல. ஆனால் தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்தது என்கிறார் புலவர். நாளெல்லாம் உளியையும் மரத்தையும் பார்த்து வளர்கிற பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. அவர்களையே மயக்கிய பொம்மை என்றால் அதன் வேலைப்பாடு நிஜத் தேருக்குக் குறைந்ததாக இராது.

அந்தத் தச்சப் பிள்ளைகளின் வம்சம் உலகெங்கும் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் ஆம்ப்ராய்ட், லாபெல் முதலிய கம்பெனிகள் 'கிராஃப்ட்ஸ்மேன் கிட்' என்று ஒரு பெட்டி விற்றன. உள்ளே ரயில் வண்டி இருக்காது. மெல்லிய மரச் சட்டங்கள், கோடு கீறிய பலகைகள், கொஞ்சம் கம்பி, சில வார்ப்பு உலோகத் துண்டுகள், ஒரு வரைபடம், இவ்வளவுதான். சக்கரத்தையும் இணைப்புக் கொக்கியையும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். மற்றதெல்லாம் வாங்கியவர் கைத்திறன்.

அளவு ஒன்றுக்கு எண்பத்தேழு. ஆறடி மனிதர் 21 மில்லிமீட்டர் ஆகிவிடுவார். நம் மீட்டர்கேஜ் தண்டவாளத்தின் அகலம் பதினொன்றரை மில்லிமீட்டர். இத்தனை சிறிய வண்டிக்கும் பெரிய வண்டியின் தொல்லைகள் உண்டு. பலகையின் ஒரு பக்கம் மட்டும் வர்ணம் பூசினால் மரம் வளைந்துகொள்ளும்; ஆகவே உட்புறமும் பூச வேண்டும். மரம் லேசு என்பதால் வளைவில் தடம் புரளும். ஆகவே தரைப் பலகையில் ஈயத் துண்டை ஒட்டுகிறார்கள். ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். இப்படிச் செய்து பார்த்தவனுக்குத்தான் எந்தச் சட்டம் எதற்காக இருக்கிறது என்பது தெரியும்.

தமிழ்நாட்டில் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் எதைச் செய்வது? நான் மரக்காணத்தைக் காட்டுவேன். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அன்று ஓய்மா நாட்டின் கடற்கரை அது. தூத்துக்குடி, வேதாரண்யம் போல இங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். ஆனால் ரயில் இல்லை. ரயிலைப் பிடிக்கத் திண்டிவனம் போக வேண்டும். உப்புக்கு வழியாக இருந்தது தண்ணீர்தான். 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் பசித்தவர்களின் கூலி வேலையால் சென்னைக்குள் இணைக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய், தெற்கே வந்து மரக்காணத்தருகே முடிகிறது. மரப் படகுகள் உப்பும் விறகும் ஏற்றிச் சென்னைக்குப் போயின. உப்புக்கும் இரும்புக்கும் ஜன்மப் பகை, மரம் சமாளித்துக்கொள்ளும். 1965, 66 புயல்களில் கால்வாய் சேதப்பட்ட பிறகு அந்தப் போக்குவரத்து நசித்துவிட்டது. இன்று லாரிதான்.

ரயிலின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் புறப்பட்டபோது, அதன் பெட்டிகளைச் செய்து கொடுத்தவர்கள் சென்னையில் குதிரை வண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனியார். அப்புறம் ஒரு நூற்றாண்டு ரயில் பெட்டி என்றால் தச்சன் கைப்பட்டதுதான். 1955-ல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை முழு எஃகுப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. விபத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளாத பெட்டிகள் அவை. அது நல்ல காரியம். மரப் பெட்டி போனதற்காக அழ வேண்டியதில்லை. அதைச் செய்யத் தெரிந்த கைகளின் கணக்கு மறைவதுதான் நஷ்டம்.

இங்கே ஒரு விபரீதத்தைக் கவனியுங்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முந்திய உப்பு வண்டியை உறுப்பு உறுப்பாக நம்மால் சொல்ல முடிகிறது. அறுபது வருஷத்துக்கு முன்வரை ஓடிய உப்புப் படகின் விலாச் சட்டம் எத்தனை என்று கேட்டால் விழிக்கிறோம். படகுக்கு ஓர் உருத்திரங்கண்ணனார் வாய்க்கவில்லை. ஆனால் புலவரிடமும் ஒரு குறை உண்டு. அவர் உருவத்தைத் தந்தார், அளவைத் தரவில்லை. அச்சின் நீளம் எவ்வளவு, ஆரக்கால் எத்தனை என்று பாட்டில் இல்லை. அவற்றைச் சொல்லக் கூடியவர்கள் செய்தவர்களும் ஓட்டினவர்களும்தான்.

அந்தப் படகில் பையனாக ஏறியவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர்கள் எதிரில் ஒரு சிறிய மரப் படகைச் செய்து வைத்தால் போதும். 'கம்பு ஊன்றுகிற இடம் இதுவல்ல, இன்னும் பின்னால்' என்று தாமாகவே திருத்துவார்கள். கேள்வி கேட்டுப் பெற முடியாத சரித்திரம் அப்படித்தான் வெளியே வரும். முதல் படகு தப்பாகத்தான் இருக்கும், இரண்டாவது சரியாகிவிடும். அவர்கள் இருக்கும்போதே அந்த முதல் படகைச் செய்துவிட வேண்டும்.