தாய்க்கு சளி பிடித்தால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாதா? மலைப்பகுதி தாய்மார்கள் தெரிஞ்சுக்க வேண்டிய 5 உண்மைகள்

ஊட்டி, குன்னூர் பக்கம் குளிர் நாளில் குழந்தை தும்மினாலே, "உனக்கு சளி இருக்கே, ஏன் பால் குடுத்த?" என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. தேயிலை பறிக்கப் போகும் தாய்மார்களுக்கு இதுபோல இன்னும் பல அறிவுரைகள் வரும். இவற்றில் எது தவறு? விவரம் இதோ.

1. தாயின் சளி பால் வழியாகப் பரவுமா?
பரவாது. சளி பரவுவது இருமல், தும்மல், கை வழியாகத்தான். பாலில் நோய் எதிர்ப்பு சக்திதான் போகிறது. கை கழுவி, மாஸ்க் போட்டுக் கொடுத்தால் போதும்.

2. வேலை முடிந்து வந்ததும் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டணுமா?
வேண்டாம். வெயிலோ பனியோ, மார்பில் இருக்கும் பால் கெட்டுப்போகாது. தோட்டத்தில் மருந்து அடித்திருந்தால் மட்டும் கை, உடம்பைக் கழுவி, உடை மாற்றிவிட்டுக் கொடுங்க.

3. சீம்பால் ஆகாதா?
மஞ்சளாக, கெட்டியாக வரும் சீம்பால்தான் குழந்தைக்கு முதல் பாதுகாப்பு. பிறந்த 1 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன் கொடுக்கக் கூடாது.

4. வெந்நீர் கொடுக்கலாமா?
முதல் 6 மாதம் தண்ணீரே தேவையில்லை. தாய்ப்பாலில் 85 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். 6 மாதத்துக்குப் பிறகு இணை உணவோடு 2 வயது வரையும், அதற்கு மேலும் பால் கொடுக்கலாம்.

5. அழுதாலே பால் பத்தலன்னு அர்த்தமா?
இல்லை. முதல் வாரத்துக்குப் பிறகு குழந்தை நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடினால் பால் போதுகிறது என்று அர்த்தம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

வேலைக்குப் போனால் பால் நின்றுவிடுமா?
இடைவெளி நீண்டால் சுரப்பு குறையும். அதனால்தான், வேலைக்குத் திரும்பும் தாய்க்கு குழந்தையின் 15 மாதம் வரை தினமும் 2 முறை பாலூட்ட இடைவேளை தரணும் என்றது 1961 மகப்பேறு நலச் சட்டம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. இது வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் தரப்படுவது. சலுகை இல்லை, உரிமை. கேட்டு வாங்கலாம்.

குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்க. தாய் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேட்கலாம், 104 எண்ணுக்கும் அழைக்கலாம்.