‘டெம்ப்1’ எதன் வெப்பம்? எல்லைக் கிராமப் பள்ளிக் கணினிகளும் லினக்ஸ் உணரிகளின் வரலாறும்

1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநில மறுசீரமைப்பு, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தது. அவற்றை ஒட்டிக் கிடந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளை வழியே தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை சில நிமிடங்களில் களியக்காவிளையை அடைந்துவிடுகிறது. இக்கோட்டின் வரலாறு பெரும்பாலும் மொழியின் வரலாறாகவே பேசப்படுகிறது. அதே கோட்டின் இருபுறமும் பள்ளிக் கணினிகளுக்குள் லினக்ஸ் புகுந்த வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவ்வரலாற்றுக்குள் செல்ல ஒரு சிறிய தொழில்நுட்பக் கேள்வி போதும். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினி சூடேறித் தானே அணைந்துபோகிறது. அதன் வெப்பநிலை எவ்வளவு, விசிறி சுழல்கிறதா என்று இயக்குதளத்தைக் கேட்டால் பல வேளைகளில் விடை வருவதில்லை. வந்தாலும் அதை நம்ப முடிவதில்லை. இது ஏன்? கட்டற்ற மென்பொருளை ஏற்றுக்கொண்ட அரசுகள் எதைப் பெற்றன, எதைக் கேட்டுப் பெறத் தவறின என்பதும் இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

கேரளத்தின் பக்கம் இதன் தொடக்கம் 2001. அவ்வாண்டு ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பள்ளிக் கல்விக்கான ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமும் அதே காலத்தில் உருவானது. 2000களின் பிற்பாதிக்குள் பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பப் பாடமும் தேர்வும் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. இத்திட்டமே 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மறுவடிவம் பெற்றது. எட்டு முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளை நவீனப்படுத்தும் திட்டத்தை நிறைவேற்றிய இந்நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் இயக்குதளத்தை 2019இல் வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது உரியது என்று அறிவித்தது. நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டமும் அதன் உட்பிரிவான பாறசாலையும் இந்தப் பரப்புக்குள் அடங்கியவை.

எல்லைக்குத் தெற்கே வேறு வழி. தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் 2000களின் பிற்பாதியில் சூசே லினக்ஸைத் தழுவியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒரே கணினியில் அருகருகே இடம்பெற்றன. ஆக, ஒரு கரையில் லினக்ஸே பாடம். மறுகரையில் அது இரண்டாவது தெரிவு. அரசு உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்தியதும், நிரலைத் திறந்து படிக்கும் உரிமை மாணவருக்குக் கிடைத்ததும் இரு கரைக்கும் பொது. நிரல் ஓடும் தாய்ப்பலகையைப் பற்றிய அறிவு உற்பத்தியாளரிடமே தங்கிவிட்டதும் இரு கரைக்கும் பொதுவே.

அந்த அறிவு எத்தகையது என்பதை உணரிகளின் வரலாறு காட்டுகிறது. 1990களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் எல்எம்78 என்ற கண்காணிப்புச் சில்லையும் எல்எம்75 என்ற வெப்ப உணரியையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்னழுத்தம், வெப்பநிலை, விசிறியின் வேகம் மூன்றையும் எல்எம்78 அளந்தது. வின்பாண்டும் ஐடிஇயும் இதையொத்த சில்லுகளைச் செய்தன. தாய்ப்பலகை நிறுவனங்கள் இவற்றைப் பலகையில் பொருத்தி, அளவுகளைக் காட்டும் மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் குறுந்தகட்டில் கொடுத்தன. லினக்ஸில் அவ்வேலையைத் தன்னார்வலர்கள் மேற்கொண்டனர். 1998–99இல் ஃப்ரோடோ லோயார்டும் ஃபிலிப் எடல்ப்ராக்கும் எழுதிய இயக்கிகள் அம்முயற்சியின் அடித்தளம். அத்திட்டத்துக்கு ‘எல்எம்-சென்சார்ஸ்’ என்ற பெயர் இச்சில்லுகளின் பெயரிலிருந்து வந்தது.

முதற்சிக்கல், சில்லு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. யூஎஸ்பி கருவியைச் செருகினால் அது தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். ஐ2சி என்னும் இரு கம்பித் தடத்தில் அமர்ந்திருக்கும் பழைய உணரிக்கு அந்த வழக்கம் இல்லை. ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப்பார்த்து, பதிவகங்களின் மதிப்பைக் கொண்டு இது இன்ன சில்லாக இருக்கலாம் என்று ஊகிக்க வேண்டும். ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ என்ற நிரல் செய்வது இதைத்தான். தட்டிப்பார்ப்பதில் ஆபத்தும் இருந்தது. ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த அட்மெல் நினைவகச் சில்லு ஒன்று, ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று மட்டும் கேட்கும் சிறு கட்டளையை எழுதும் கட்டளையாகப் பிழைபடப் புரிந்துகொண்டது. அதிலிருந்த தரவு சிதைந்து, கணினி துவங்கவே மறுத்தது. அதன்பின் ஐபிஎம் கணினிகளில் அத்தடத்தைத் தொடாதபடி இயக்கியிலேயே தடை எழுதப்பட்டது. சென்சார்ஸ்-டிடெக்ட் இன்றும் ஒவ்வொரு படியிலும் அனுமதி கேட்பதும், இயல்பு விடைகளையே ஏற்கும்படி கற்றோர் அறிவுறுத்துவதும் காரணமற்றவை அல்ல.

இரண்டாவது சிக்கல் பொருள் சார்ந்தது. மொழியியலாளர் ஒருவர் உடனே அடையாளம் கண்டுகொள்ளக் கூடியது. சில்லைக் கண்டுபிடித்த பிறகு கிடைப்பவை ‘டெம்ப்1’, ‘டெம்ப்2’, ‘ஃபேன்1’, ‘இன்3’ போன்ற குறிகள். டெம்ப்1 செயலியின் வெப்பமா, பலகையின் வெப்பமா, எதனோடும் இணைக்கப்படாத ஒரு காலின் வெற்று மதிப்பா? சில்லுக்கு இது தெரியாது. குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் உள்ள உறவைப் பலகை வடிவமைப்பாளரின் செம்புக்கோடுகள்தாம் தீர்மானிக்கின்றன. எல்எம்78இன் மின்னழுத்த உள்ளீடு 4.08 வோல்ட் வரையே அளக்கவல்லது. 5 வோல்ட்டை அளக்க வேண்டுமானால் இரண்டு மின்தடைகளால் அதைக் குறைத்து அனுப்ப வேண்டும். அவற்றின் விகிதம் தெரிந்தவருக்கே 2.98 என்ற எண் 5 வோல்ட்டைக் குறிக்கும். எல்எம்-சென்சார்ஸின் அமைவுக் கோப்பில் பெயரிடவும், கணக்கிட்டு மாற்றவும், புறக்கணிக்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருப்பது இதனால்தான். அக்கோப்பு ஓர் அகராதி. பலகைக்குப் பலகை வேறுபடும் அந்த அகராதியைப் பெரும்பாலும் பயனர்களே தொகுத்தனர்.

செயலிக்குள்ளேயே உணரி வந்தபோதும் சிக்கல் தீரவில்லை. இன்டெல் செயலிகளுக்கான ‘கோர்டெம்ப்’ இயக்கி 2007இல் கெர்னலில் சேர்ந்தது. இன்டெலின் உணரி வெப்பநிலையைச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதமுள்ளது என்று மட்டும் சொல்கிறது. அவ்வரம்பு 85 டிகிரியா 100 டிகிரியா என்பது தொடக்கக்காலச் செயலிகள் பலவற்றுக்கு ஆவணப்படுத்தப்படவில்லை. இயக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. உணரி ‘40’ என்றால் அது 45 டிகிரியாகவும் இருக்கலாம், 60 டிகிரியாகவும் இருக்கலாம். ஏஎம்டியின் 1800எக்ஸ் போன்ற ரைசன் செயலிகள் சிலவற்றில், விசிறிக் கட்டுப்பாட்டுக்கென உண்மை வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டிச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. அதை அறியாதவர் குளிர்ந்திருக்கும் செயலியைக் கொதிப்பதாகக் கொள்வார்.

விசிறியின் கதை இன்னும் நுட்பமானது. விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்பும். சில்லு அத்துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தை 8 பிட் எண்ணியால் அளக்கும். 13,50,000 என்ற மாறிலியை, எண்ணியின் மதிப்பும் வகுஎண்ணும் சேர்ந்த பெருக்கத்தொகையால் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்றுகள் கிடைக்கும். எண்ணி 255ஐத் தொட்டால் விசிறி நின்றுவிட்டதாகப் பொருள். வகுஎண் 2 எனில் அளக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் ஏறத்தாழ 2,657 சுற்று. 8 எனில் 664. ஆகவே நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும் நல்ல விசிறி, வகுஎண் 2ஆக இருந்தால், திரையில் ‘0’ என்று தோன்றும். பழைய பலகைகளில் பழுதில்லாத விசிறியைப் பழுது என்று கழற்றவைப்பதற்கு இந்த ஒற்றை எண் போதுமானது.

கெர்னலின் அமைப்பும் இதற்கிடையே மாறியது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலில் உணரி இயக்கிகள் உள்ளேயே இடம்பெற்றன. 2005இல் ‘ஹெச்டபிள்யூமான்’ என்ற தனிப் பிரிவு உருவானது. ஜான் டெல்வாரும் பின்னர் குந்தர் ரோயக்கும் அதைப் பேணி வளர்த்தனர். வெப்பம் ஆயிரத்திலொரு டிகிரியிலும், அழுத்தம் மில்லிவோல்ட்டிலும், விசிறி நிமிடச் சுற்றிலும் வெறும் உரைக்கோப்புகளாகக் கிடைக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. 2007இல் வந்த எல்எம்-சென்சார்ஸ் 3.0, ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டிய தேவையை நீக்கியது.

2009இல் 2.6.31 கெர்னல் மற்றொரு முடிவை எடுத்தது. பலகையின் ஏசிபிஐ நிரலும் லினக்ஸ் இயக்கியும் ஒரே பதிவகங்களை ஒரே வேளையில் தொட்டால் ஒன்றின் வாசிப்பு மற்றொன்றைக் குலைக்கும். தவறான வாசிப்பால் கணினி திடீரென அணையவும் கூடும். எனவே ஏசிபிஐ உரிமை கோரும் முகவரியை லினக்ஸ் இயக்கி தொடக்கூடாது என்ற விதி இயல்பாக்கப்பட்டது. முந்தைய நாள்வரை தெரிந்த உணரிகள் பல கணினிகளில் மறைந்தன. துவக்க அளவுருவால் விதியைத் தளர்த்தலாம். ஆனால் அது விதி தடுக்க முனைந்த அதே ஆபத்தை வலிந்து ஏற்பதாகும்.

இவ்வரலாற்றை அறிந்தவருக்குப் பழுதறியும் வரிசை தானாகவே புலப்படும். முதலில் சென்சார்ஸ்-டிடெக்ட்டை இயல்பு விடைகளோடு இயக்கி, அது பரிந்துரைக்கும் இயக்கி உண்மையில் ஏற்றப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். ஏற்றப்படவில்லையெனில் கெர்னல் பதிவேட்டில் ஏசிபிஐ மோதல் பற்றிய வரி உள்ளதா என்று தேட வேண்டும். 127 அல்லது கழித்தல் 128 போன்ற மதிப்புகளை இணைப்பற்ற கால்களாகக் கருதி ஒதுக்க வேண்டும். எஞ்சியவற்றை பயாஸ் திரையில் தெரியும் அளவுகளோடு ஒப்பிட்டுப் பெயரிட வேண்டும். மடிக்கணினியாக இருந்தால், விசிறியை ஆள்வது பெரும்பாலும் உட்பொதி கட்டுப்படுத்தி என்பதால், விசிறிக்கான வரியே தோன்றாமலிருப்பது பழுதாகாது. ஹெச்டபிள்யூமான் எண்கள் ஒவ்வொரு துவக்கத்திலும் மாறக்கூடியவை. விசிறிக் கட்டுப்பாட்டை எண்ணை நம்பி எழுதினால் ஒருநாள் அது வேறொரு சில்லைக் கட்டுப்படுத்த முயலும்.

அளவீட்டின் பொருள் கருவி இருக்கும் இடத்தில் அடங்கியிருக்கிறது என்பது இந்நிலத்துக்குப் புதிய பாடமன்று. சுவாதித் திருநாள் காலத்தில் 1837இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வானாய்வகத்தில், ஜான் கால்டிகாட் நிலத்துக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து அளவெடுத்தார். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் புரூன், நெய்யாறு பிறக்கும் அகத்தியமலையின் உச்சியில் 1855இல் ஓர் ஆய்வுநிலையம் அமைத்து, மேலும் கீழும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டார். எந்த ஆழம், எந்த உயரம் என்ற குறிப்பு இல்லாதிருந்தால் அவ்வேடுகளில் இருப்பவை வெறும் எண்கள். பள்ளிக் கணினியின் டெம்ப்1 அப்படியொரு குறிப்பிழந்த ஏடு.

எனவே கட்டற்ற மென்பொருள் தந்த விடுதலையின் எல்லையைச் சரியாக வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவ்விடுதலை நிரலின் ஒவ்வொரு வரியையும் படிக்கத் தந்தது. தட்டிப்பார்க்கவும் ஊகிக்கவும் திருத்தவும் உரிமை தந்தது. எந்த உணரி எதன் அருகில் அமர்ந்திருக்கிறது என்ற உண்மையை அது தர இயலாது. அது பலகை செய்தவரின் கோப்பில் இருக்கிறது. தனிப் பயனர் கேட்டால் கிடைக்காத அக்கோப்பைக் கேட்டுப் பெறும் வலிமை, ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும் அரசுக்கு உண்டு. ஒரு பலகையின் உணரிப் பெயர்களும் மின்தடை விகிதங்களும் அமைவுக் கோப்பில் இருபது முப்பது வரிகளுக்கு மேல் போவதில்லை. ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில் அவ்வரிகளையும் ஓர் இணைப்பாகக் கேட்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.

இதன் பயன் பழுதுபார்ப்போடு முடிவதில்லை. 2018 முதல் கேரளப் பள்ளிகளில் இயங்கும் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களின் பாடத்தில் வன்பொருளும் ஒரு பகுதி. ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து வெப்பத்தகட்டை அடைத்துவிடும் நெய்யாற்றின்கரைப் பள்ளியொன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் ஆய்வகக் கணினியின் வெப்பத்தைத் தானே படித்து, விசிறியைத் துடைப்பதா மாற்றுவதா என்று முடிவுசெய்ய முடிந்தால், அது பாடத்திட்டம் நினைத்ததைவிடப் பெரிய கல்வி. களியக்காவிளையைத் தாண்டிய பள்ளியில் பழைய எல்காட் மடிக்கணினியைத் திறந்து பார்க்கும் மாணவனுக்கும் இது பொருந்தும். ‘செயலி’, ‘பலகை’, ‘பின்விசிறி’ என்று அமைவுக் கோப்பில் தமிழிலும் மலையாளத்திலும் பெயரிடத் தடையேதும் இல்லை. டெம்ப்1 எதைச் சுட்டுகிறது என்பதை மட்டும் யாராவது முதலில் சொல்லியாக வேண்டும். வாங்கும்போதே அதைக் கேட்கும் அதிகாரம் எல்லைக்கு இருபுறமும் உள்ள கல்வித்துறைகளிடம் இருக்கிறது.