சிங்கர் மிஷினும் விண்வெளிப் பயணமும்



"மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். சேர, சோழ, பாண்டியரைப் பற்றி எழுத வரலாற்றுத் துறை நண்பர்கள் இருக்கும்போது, மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்துகிற நான் என்ன எழுதுவது? ஒரு வாரம் யோசித்துவிட்டு, எங்கள் வீட்டில் நடந்த ஒரு பஞ்சாயத்தைப் பற்றியே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்புச் சொல்லப் போய்த்தான் நானே கொஞ்சம் வரலாறு படித்தேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984 ஏப்ரல் 3-ஆம் தேதி ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 விண்கலத்தில் புறப்பட்டு, சல்யூட் 7 நிலையத்துக்குப் போனார். விண்வெளிக்குப் போன முதல் இந்தியர். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி, அம்மாவின் சிங்கர் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தேன். சூலூர் விமானப்படைத் தளம் நமக்குப் பக்கம்தானே? வானத்தில் சத்தம் கேட்டால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். நம் கல்லூரியில் 1986-ல் இயற்பியலில் சேர்ந்ததும் அந்த ஆசையில்தான்.

படிப்பு முடிந்ததும் விமானம் ஓட்டும் வேலைக்குப் போட்டேன். மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் எனக்கு ஏறக்குறைய ஒரே நிறம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒன்றாகத் தெரிகிறவன் கையில் விமானத்தைக் கொடுக்க முடியுமா? ஆனால் சாயப்பட்டறை நிறைந்த ஊருக்குத் திரும்பி வந்து, நிறம் தெரியாதவன் பனியன் கம்பெனி ஆரம்பித்தேன் பாருங்கள், அதுதான் வேடிக்கை. ஷேடு பார்க்கிற வேலை இன்று வரை என் வீட்டுக்காரம்மாவுடையது.

வீட்டுப் பஞ்சாயத்து

சில மாதங்களுக்கு முன் என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, இவன் ராத்திரி பூராவும் மூஞ்சீல ஒரு டப்பாவக் கட்டீட்டு சேர்ல உக்காந்திருக்கிறானுங்க. என்றா பண்றேன்னு கேட்டா ராக்கெட் ஓட்டறேங்கறான். நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லுங்க. அத வித்துப்போட்டு ஒழுங்காக் கம்பெனிக்கு வரச் சொல்லுங்க."

பையன் நம் கல்லூரியில்தான் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறான். அந்த டப்பாவை யாரிடமும் காசு கேட்டு வாங்கவில்லை. இரண்டு விடுமுறை என் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று சம்பாதித்து, பழையதாக வாங்கியது. திட்டத்தான் போனேன். "திட்டறதுக்கு முன்னால ஒருக்கா மாட்டிப் பாருங்க மாமா" என்றான்.

முதல் நாள் விண்கலத்துக்குள் நடந்து போகிற மாதிரி ஏதோ ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டான். ஐந்து நிமிஷம்தான். மத்தியானம் சாப்பிட்டது வெளியே வந்துவிட்டது. தங்கைக்கு ஏக சந்தோஷம். "இதுக்குத்தானுங்க சொன்னேன்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "இது உக்காந்து ஓட்டறதுங்க மாமா, ஒண்ணும் பண்ணாது" என்று எலைட் டேஞ்சரஸ் என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். விமானி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். தலையைத் திருப்பினால் தோளுக்குப் பின்னால் சனிக்கிரகம் மாதிரி வளையத்தோடு ஒரு கோள். கருவிப் பலகை முழுக்க ஆரஞ்சு நிறம் என்றான் பையன். எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது. எந்த நிறமாக இருந்தால் என்ன, எண்களைப் படிக்க முடிந்தது. முப்பது வருஷத்துக்கு மேலான ஏக்கம் சார் அது. டப்பாவைக் கழற்றியபோது கண் ஏன் ஈரமாக இருக்கிறது என்று பையன் கேட்டான். வேர்வை என்று சொல்லிவிட்டேன்.

இது வெறும் விளையாட்டா, இல்லை உருப்படியான சமாச்சாரமா? தீர்ப்புச் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தேன்.

துருத்தியில் பறந்த விமானம்

அமெரிக்காவில் பிங்காம்டன் என்று ஒரு ஊர். அங்கே எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் என்பது நம் ஆர்மோனியத்துக்குப் பெரியண்ணன், துருத்தியில் காற்றடித்து வாசிப்பது. விமானம் ஓட்டப் பழக ஆசைப்பட்ட எட்வினுக்குப் பயிற்சிச் செலவு கட்டுப்படியாகவில்லை. அப்பாவின் பட்டறையிலிருந்த துருத்திகளையும் வால்வுகளையும் எடுத்து, சின்ன விமானம் மாதிரி ஒரு பெட்டியைச் செய்தார். உள்ளே உட்கார்ந்து பிடியை அசைத்தால், துருத்தி உப்பிச் சுருங்கி, பெட்டி விமானம் போலவே சாயும், திரும்பும். ஆண்டு 1929.

அதை முதலில் வாங்கியவர்களில் பலர் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்! நம்ம ஊர் தேர்த் திருவிழாவில் ராட்டினம் போடுவதுபோல் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையை ஏற்றபோது, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாததால் பலர் விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்க் பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள். ஆக, திருவிழா ராட்டினமாக இருந்ததுதான் உயிர் காக்கும் கருவியாக மாறியிருக்கிறது.

இதற்கு மேலே படித்ததுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. அப்போலோ விண்வெளி வீரர்களுக்கான பயிற்சி இயந்திரங்களைச் செய்ததும் இதே லிங்க் நிறுவனம். 1968-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது யார் தெரியுமா? சிங்கர். ஆமாங்க, தையல் மிஷின் செய்த அதே சிங்கர் கம்பெனி! 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியபோது, அவன் பழகிய இயந்திரத்தைச் செய்த நிறுவனம் சிங்கர் குடும்பத்துச் சொத்து. பிற்பாடு ஸ்பேஸ் ஷட்டில் வீரர்களுக்கான பயிற்சி இயந்திரத்தையும் சிங்கர்-லிங்க்தான் செய்தது. 1988-ல் கனடாவின் சி.ஏ.இ. நிறுவனத்துக்குக் கை மாறும்வரை அப்படியே இருந்தது. ராகேஷ் சர்மா படத்தை எந்த மிஷினுக்கு மேலே ஒட்டினேனோ, அந்தப் பெயருக்கும் விண்வெளிக்கும் இப்படி ஒரு சொந்தம் இருந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இந்த இயந்திரங்கள் சும்மா அழகுக்கு அல்ல. 1970-ல் அப்போலோ 13 கலத்தில் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தபோது, தரையில் இருந்தவர்கள் சிமுலேட்டரில் உட்கார்ந்து வழிமுறைகளைச் சோதித்துப் பார்த்து மேலே சொன்னார்கள். மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

விளையாட்டுப் பிள்ளைகள்

விளையாட்டுப் பக்கமும் இதே காலத்தில்தான் வளர்ந்தது. 1962-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற கணினி விளையாட்டைச் செய்தார்கள். நடுவில் ஒரு நட்சத்திரம், அதன் ஈர்ப்பில் வளைந்து வளைந்து போகும் இரண்டு கலங்கள். 1969-ல், நிலவில் மனிதன் இறங்கிய சில மாதங்களில், ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவன் நிலவில் தரையிறங்கும் விளையாட்டை எழுதினான். படம் கிடையாது, வெறும் எண்கள். எவ்வளவு எரிபொருள் எரிக்க வேண்டும் என்று நாம் சொல்லச் சொல்ல, உயரமும் வேகமும் அச்சாகி வரும். கணக்குத் தப்பினால் கலம் நொறுங்கும்.

1984-ல் இங்கிலாந்தில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் 'எலைட்' விளையாட்டை பி.பி.சி. மைக்ரோ கணினிக்கு எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட அந்தக் கணினியில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள்! நம் நாட்டிலும் அதே 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில், சுமார் 250 பள்ளிகளுக்குக் கொடுத்தது இந்த பி.பி.சி. மைக்ரோவைத்தான். என் மருமகன் ஆடுகிற எலைட் டேஞ்சரஸ், அதே பிரேபன் குழு 2014-ல் வெளியிட்டது.

முகத்தில் மாட்டும் டப்பாவுக்கும் தனி வரலாறு உண்டு. 1968-ல் ஐவன் சதர்லேண்ட் செய்த முதல் கருவி கூரையிலிருந்து கம்பியில் தொங்கியது. 1980-களின் நடுவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் கையடக்க டி.வி.யின் திரைகளை வைத்து ஒன்று செய்தார்கள். 1993-ல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்கப் போன பயணத்துக்கு இந்த முறையிலும் பயிற்சி நடந்தது. அப்போதெல்லாம் பெரிய ஆய்வகங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 2012-ல் பால்மர் லக்கி என்ற இளைஞர் ஆக்குலஸ் ரிஃப்ட் கருவிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். 2016-ல் ரிஃப்டும் எச்.டி.சி. வைவும் கடைக்கு வந்தன. செல்போன்களால் சின்னத் திரைகளும் அசைவை உணரும் சில்லுகளும் மலிவானதுதான் காரணம்.

உள்ளே நடப்பது இதுதான். இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு படம். தலை திரும்பும்போதெல்லாம் படமும் புதிதாக வரைபடும். அந்த 2016 கருவிகளில் விநாடிக்கு 90 தடவை. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்தால் மூளை கண்டுபிடித்துவிடும், தலை சுற்றும். நான் வாந்தி எடுத்ததற்குக் காரணம் வேறு. கண் "நடக்கிறோம்" என்றது, காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பு "இல்லை, உக்காந்திருக்கோம்" என்றது. இந்தச் சண்டைதான் குமட்டல். விமானி அறையில் உட்கார்ந்து ஓட்டும்போது, சுற்றிலும் அசையாத சட்டம் தெரிவதால் சண்டை குறைகிறது. விண்வெளி வீரர்களுக்கு எடையற்ற நிலையில் வருவதும் இதற்கு உறவான கோளாறுதான். அதற்கு யோகாசனம் உதவுமா என்று ராகேஷ் சர்மா சல்யூட் 7-ல் செய்து பார்த்தார். ஆக, அந்தக் குமட்டலில் மட்டும் நானும் அவரும் கொஞ்சம் சொந்தம்!

நம் பக்கத்தில்

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டன. அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அதற்கு முன்பே, 2023-ல், விண்வெளி வீரர் பயிற்சிக்கு இந்த மெய்நிகர் முறைகளை உருவாக்குவதற்காக இஸ்ரோவும் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2025 ஜனவரியில் இஸ்ரோ தன் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டை விண்வெளியில் இணைத்துக் காட்டியது. அதே ஆண்டு ஜூன் 25-ல் சுபான்ஷு சுக்லா டிராகன் கலத்தில் புறப்பட்டு, மறுநாள் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்தார். அந்த டிராகனை நிலையத்தோடு இணைக்கும் பயிற்சியை, யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கட்டும் என்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனமே 2020-ல் வெளியிட்டிருந்தது.

அதை நான் ஆடிப் பார்த்தேன். பதினோரு தடவை மோதினேன். வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு அங்கே பிரேக் கிடையாது என்பது மண்டையில் ஏறவே நாளாகிறது. ஒரு பக்கம் தள்ளினால், நிற்க வேண்டுமென்றால் அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். நியூட்டன் விதியை நம் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டார், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். கையில் உணர்ந்தது இப்போதுதான்.

பனியன்காரனாக எனக்கு ஒன்று புரிகிறது. பத்தாயிரம் பீஸ் ஆர்டர் வந்தால் நேராகத் துணியை வெட்டுவோமா? முதலில் சாம்பிள் தைப்போம். கழுத்து சரியில்லையா, கை நீளமா, எல்லாத் தப்பும் சாம்பிளிலேயே வந்துவிட வேண்டும். சிமுலேட்டரும் விமானிக்குச் சாம்பிள் பீஸ்தான். ஆனால் சாம்பிள் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக யாரும் ஷிப்மென்ட் போய்விட்டதாகக் கணக்கு எழுதுவதில்லை. எலைட் டேஞ்சரஸில் கலத்துக்கு உச்ச வேகம் என்று ஒன்று உண்டு, நிஜ விண்வெளியில் அப்படிக் கிடையாது. அதில் ஒளியை விட வேகமாகப் போகலாம், இங்கே முடியாது. அங்கே மோதினால் மறுபடி ஆரம்பிக்கலாம். நிஜத்தில் நம்மை நம்பி வீட்டில் காத்திருக்கிறவர்கள் உண்டு.

எனவே என் தீர்ப்பை இப்படிச் சொன்னேன். டப்பாவை விற்க வேண்டாம். ஆனால் அந்த விளையாட்டு எங்கெங்கே இயற்பியலுக்கு உண்மையாக இருக்கிறது, எங்கெங்கே பொய் சொல்கிறது என்று ஒரு நோட்டில் கணக்கோடு எழுதிக் காட்ட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. தங்கை, "நீங்களுமாண்ணா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பையன் இதுவரை 40 பக்கம் எழுதியிருக்கிறான். சில கணக்குகள் எனக்கே புரியவில்லை. அதைவிடச் சந்தோஷம் வேறென்ன?

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் ஆசைப்பட்டால் சுவரில் படம்தான் ஒட்ட முடிந்தது. முடியுமா முடியாதா என்று சோதித்துப் பார்க்க இடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அதில் ஆடுங்கள், தோற்றுப் போங்கள், ஏன் தோற்றோம் என்று எழுதியும் வையுங்கள்.

சந்திப்பு நாளன்று என் மருமகன் அந்த டப்பாவை நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பழைய நண்பர்கள் எல்லோரும் அவசியம் வந்து மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: சாப்பாட்டுக்கு முன்னாடி வாங்க, பின்னாடி வேண்டாம்.

வாழ்க நம் கல்லூரி! நேரில் சந்திப்போம்.