நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் உணவும் கருப்பொருள் என வகுத்தது தமிழ் மரபு. ஸ்ட்ராபெரியின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது.

1714இல் பிரெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து கொணர்ந்த செடியினம், ஐரோப்பியத் தோட்டங்களில் வட அமெரிக்க இனத்தோடு கலந்து இன்றைய பெருங்கனியை ஈன்றது. பகலில் இலை ஆக்கும் இனிமையைக் குளிர்ந்த இரவு காக்கிறது. இரவு வெம்மையுற்றால் செடியின் மூச்சே அதனைச் செலவிடுகிறது. ஆதலின், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் கேமரன் மலையில் அது செழிக்கிறது.

1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் மலாயாவை உட்லண்ட்ஸுடன் இணைத்தது. ஆயினும் மலையின் இரவு பாலம் கடந்து வரவில்லை. அங்கு நள்ளிரவிலும் வெப்பம் 24 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். அடுக்குமாடித் தொட்டியில் விளைந்த கனி சுவை குன்றின், அது வளர்த்த கையின் குற்றமன்று, பொழுதின் இயல்பு.