விரல் போதும்: பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் பல் முளைக்கும் நோவும் அதற்கான மருந்துகளும்

பினாங்கு மண்ணில் ஜாதிக்காயும் கிராம்பும் வேர்விட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்றுகள் இங்கே வந்து சேர்ந்தன. 1860களில் நோய் தாக்கி ஜாதிக்காய்த் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன என்றாலும், பாலிக் புலாவ் பக்கம் மரங்கள் இன்றும் காய்க்கின்றன. தமிழகத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களுக்கு ஜாதிக்காய் புதிய சரக்கன்று. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுட்ட வசம்பு ஆகியவற்றை உரைகல்லில் இரண்டு சுற்று உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து, குழந்தையின் நாவில் தடவும் பழக்கத்தை அவர்கள் உடன் கொண்டுவந்தார்கள். பல் முளைக்கும் பருவத்தில் அதே விரல் ஈறுக்கும் போகும். சில வீடுகளில் அந்த விரலில் தேன் இருக்கும். சில வீடுகளில் கிராம்பு எண்ணெய். இன்றைய இளம் தாய்மார் பலரிடம் அந்த இடத்தை மருந்துக் கடையில் வாங்கிய மரப்பு ஜெல் பிடித்திருக்கிறது.

ஈறை அழுத்தித் தேய்க்கும் சுத்தமான விரலே இதில் மருந்து என்பதும், அந்த விரலில் தடவப்படும் பொருள் பெரும்பாலும் வீண், சில வேளைகளில் கேடு என்பதும் இக்கட்டுரையின் வாதம். இவ்வாதம் பாட்டியின் உரைகல்லுக்கும் மருந்துக் கம்பெனியின் குழாய் மருந்துக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது.

முதலில், நோவு எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். பால்பற்கள் இருபது. கீழ் முன்பற்கள் பெரும்பாலும் ஆறு முதல் பத்து மாதத்துக்குள் வெளிவரும். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் வர இரண்டரை வயதுகூட ஆகலாம். பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருவதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில், பல்லைச் சூழ்ந்த திசுப்பை மேலிருக்கும் எலும்பையும் ஈறையும் படிப்படியாகக் கரைத்து வழிவிடுகிறது. அந்த இடம் சிவந்து தினவெடுக்கும். சில வேளைகளில் நீலநிறக் கொப்புளம்போல் இரத்தம் கட்டித் தானே வடியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் 475 பற்கள் முளைத்ததைப் பெற்றோரே நாள்தோறும் குறித்துவைத்த ஆய்வு வெளியானது. கடித்தல், எச்சில் வடிதல், ஈறு தேய்த்தல், சிணுங்கல், லேசான உடற்சூடு ஆகியவை பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்புவரை சற்று மிகுந்திருந்தன. 38.9 பாகை செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல் ஆகியவற்றுக்குத் தொடர்பு தெரியவில்லை. எந்த அறிகுறியும் 35 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் காணப்படவில்லை.

அதே ஆண்டில் மெல்போர்னில் 21 குழந்தைகளிடம் நடந்த சிறிய ஆய்வு இன்னும் கூர்மையானது. அன்றாடப் பதிவுகளில் காய்ச்சலுக்கோ சிணுங்கலுக்கோ தூக்கக் குறைவுக்கோ பல் முளைப்போடு தொடர்பில்லை. ஆனால் பின்னர்க் கேட்டபோது, தம் குழந்தை பல் முளைப்பால் அவதிப்பட்டதென்றே பெற்றோர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அழுகைக்கு ஒரு காரணம் தேடும் மனம் கண்ணுக்குத் தெரிந்த பல்லைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான மதிப்பீடு ஈறு உறுத்தலும் சிணுங்கலும் எச்சிலும் மெய்யே என்று ஏற்றது. உடற்சூடு சற்றே ஏறலாம், காய்ச்சல் எல்லையைத் தொடாது என்றும் சொன்னது. ஆகவே நோவு உண்டு. அது சிறியது, சில நாளில் தணிவது.

இந்தச் சிறிய நோவின் பெயரில் பெரிய நோய்கள் ஒளிந்துகொள்வதுதான் முதல் ஆபத்து. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பு குறைந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கத் தொடங்கும் அதே ஆறாம் மாதத்தில்தான் பல்லும் வருகிறது. வாய்ப்புண், எச்சில் வடிதல், பால் மறுத்தல் எல்லாம் மலேசியாவில் அடிக்கடி பரவும் கை, கால், வாய் நோயின் அடையாளங்களுமாகும். 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பல் முளைப்பதால் துன்பப்படுவதாகப் பெற்றோர் சொன்ன 20 குழந்தைகளில் 9 பேரின் வாயில் ஹெர்பிஸ் கிருமி இருந்தது. டெங்கி நிலைத்துவிட்ட இத்தீவில், மூன்று நாள் காய்ச்சலை ‘பல்லுக் காய்ச்சல்’ என்று விட்டுவிடுவதன் விலை மிகப் பெரிது. இங்கிலாந்து இந்த விலையைக் கொடுத்த நாடு. அங்கே 1839ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 5,016 இறப்புகளுக்குப் பல் முளைத்தலே காரணமாக எழுதப்பட்டது. அந்தப் பிள்ளைகள் எந்த நோயால் மாண்டார்கள் என்பதை அந்தப் பதிவு மறைத்துவிட்டது.

நம்பிக்கை தவறானால் மருந்தும் தவறும். பாதரசம் கலந்த பல் பொடிகளைப் பிரிட்டிஷ் தாய்மார் தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். கைகால் சிவந்து, வலியில் துடித்து, மெலிந்துபோகச் செய்த ‘பிங்க் நோய்’க்குப் பாதரசமே காரணம் என்பதை வார்கனி, ஹப்பர்டு என்ற ஆய்வாளர்கள் 1948இல் சுட்டிக்காட்டினர். 1950களில் அப்பொடிகள் கடைகளிலிருந்து விலக்கப்பட்டதும் நோயும் ஏறத்தாழ மறைந்தது. இவை பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2008இல் நைஜீரியாவில் ‘மை பிக்கின்’ என்ற பல் முளைப்பு மருந்தில் நச்சுக் கரைப்பான் கலந்து எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன.

மரப்பு ஜெல்களில் உள்ள பென்சோகெய்ன் என்ற மருந்து பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது எச்சிலோடு விழுங்கப்படுவதால் ஈறில் நிற்பதே இல்லை. பயன் சில நிமிடந்தான். ஆனால் இரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும் மெத்திமோகுளோபினேமியா என்ற நிலையை அது உண்டாக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 மே மாதம் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இதைப் பயன்படுத்த வேண்டாமென்று எச்சரித்தது. இந்நிலைக்கு மாற்று மருந்து மெத்திலீன் புளூ. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாற்று மருந்தே இரத்த அணுக்களை உடைக்கும். இக்குறை பரவலாக இருப்பதால்தான் மலேசியாவில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். சீன, மலாய்க் குழந்தைகளிடம் இது மிகுதி. இந்தியக் குழந்தைகளிடம் குறைவு என்றாலும் இல்லாமலில்லை. சிக்கல் வந்தபின் கைகொடுக்க வேண்டிய மருந்தையும் கொடுக்க முடியாத குழந்தைகள் வாழும் ஊரில், தானே தணியும் தினவுக்கு அந்த ஜெல்லைத் தடவ எந்த நியாயமும் இல்லை. சாலிசிலேட் கலந்த வாய் ஜெல்லைப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்குத் தவிர்க்குமாறு பிரிட்டன் 2009இல் அறிவுறுத்தியதும் இதே கணக்கில்தான்.

இனி உரைகல். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நரம்பு முடங்கச் செய்யலாம்; ஒரு துளியும் கூடாது. கிராம்பு எண்ணெயைச் சிறிதளவு குடித்த குழந்தைகளுக்கு ஈரல் செயலிழந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கமும் படபடப்பும் தரும். அதைக் கொடுத்ததும் குழந்தை உறங்குவது நோவு தீர்ந்ததற்குச் சான்றாகாது. வசம்பிலுள்ள ஒரு வேதிப்பொருள் எலிகளில் புற்றுக்கட்டி உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் அதை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. ‘தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற மறுப்பு மரியாதைக்குரியது. அதில் ஓர் உண்மையும் உண்டு: அந்த விரலின் அழுத்தம் ஈறுக்கு இதமாகவே இருந்தது. நோவு சில நாளில் தானே அடங்குவதால், அந்த நாட்களில் எதைத் தடவினாலும் அது பலித்ததாகவே தோன்றும். பாட்டியின் கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கல்லை எடுத்துவைத்துவிட்டு அந்தக் கை தொடரட்டும்.

நம் மரபு பல்லைக் கண்டு அஞ்சிய மரபு மட்டுமன்று. மேல் பல் முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்ற வீண் அச்சம் உண்டு. அதற்கு எதிர்ப்புறம், முதல் பல் கண்டதும் குழந்தையின் தலையில் கொழுக்கட்டை சொரிந்து உறவினர் கூடி மகிழும் யாழ்ப்பாணத் தமிழரின் பல்லுக் கொழுக்கட்டைச் சடங்கும் உண்டு. உறவு கூடும் அந்த நாள், குழந்தையின் வாயைப் பற்றிப் பேசவும் நல்ல நாள்.

பினாங்குக்கு இதில் தனிப் பொறுப்பும் இருக்கிறது. 1921இல் நியூசிலாந்து தொடங்கிய முறையைப் பின்பற்றி, மலாயாவின் பள்ளிப் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி 1949இல் இத்தீவில்தான் நிறுவப்பட்டது. நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காத்த பெண்கள் இங்கே பயின்றவர்கள். ஆனால் அந்தப் பணி பெரும்பாலும் பிள்ளை பள்ளிக்கு வந்தபின் தொடங்குவது. முதல் பல்லுக்கான அறிவுரை ஐந்தாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைச் சுகாதார கிளினிக்குக்குத் தூக்கி வரும் நாளிலேயே, தாயோடு வரும் பாட்டிக்கும் சேர்த்து, தமிழில் சொல்லப்பட வேண்டும்.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. கையைக் கழுவி, விரலால் அல்லது ஈரத் துணியால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்க்கலாம். திண்மையான ரப்பர் வளையத்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. பல் நோவுக்கென்று விற்கும் மணிமாலையைக் கழுத்தில் போட வேண்டாம். அத்தகைய மாலை கழுத்தை இறுக்கி ஒரு குழந்தை இறந்தபின் 2018இல் அமெரிக்கா எச்சரித்தது. தூங்க முடியாத இரவில், மருத்துவரிடம் கேட்டு எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம். உடற்சூடு 38 பாகையைத் தாண்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, பல் முளைக்கிறது என்று காத்திராமல் அன்றே குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.